மலைப்பாம்பின் கால்கள்

இன்று வேதக்கோயிலுக்குப் போய்விட்டு வந்து, சேலையை மடித்து வைக்க அலமாரியைத் திறந்தேன். ஸ்பிரிட் வாடை முகத்தில் அடித்தது. உங்கள் சட்டைகளுக்குப் பின்னால் அந்தக் கண்ணாடிக் குப்பி அப்படியே இருக்கிறது. உள்ளே மலைப்பாம்பின் வால்பக்கத் துண்டு, இரண்டு பக்கமும் சின்ன நகம் போன்ற கால்மிச்சம். அதைப் பார்த்தாலாவது அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. மூடியை இறுக்கிவிட்டுச் சேலையை மடித்தேன்.

நீங்கள் போய் ஒரு மாதம் ஆகப்போகிறது. எத்தனையோ மலேரியாக்காரர்களுக்குக் கொயினா கொடுத்துப் பிழைக்க வைத்த தோட்ட ஆஸ்பத்திரி டிரஸர், அதே மலேரியாவில் போனீர்கள். நான் சோறு பொங்குகிறேன். ரப்பர் தோட்டப் பள்ளியில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிறேன். டீச்சரம்மாவுக்கு நெஞ்சு கல்லு என்று லயத்து வீடுகளில் பேசிக்கொள்கிறார்களாம். இருக்கலாம், எனக்கே தெரியவில்லை.

போன வாரம் நம் கோயிலை நடத்தும் உபதேசியார் வீட்டுக்கு வந்தார். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் மரித்த விசுவாசிகளின் பெயர்களைச் சொல்லி ஸ்தோத்திரம் பண்ணுவது நம் கோயில் வழக்கம். அதில் உங்கள் பெயரும் வரவேண்டுமானால், சாகும்போது நீங்கள் மனந்திரும்பியதாக நான் சபையில் எழுந்து சொல்லவேண்டுமாம்.

"ஒரு வார்த்த போதும்மா. அந்தக் குரங்குக் கதையெல்லாம் விட்டுட்டாருன்னு சொல்லுங்க, மிச்சத்த நான் பாத்துக்கிறேன்" என்றார். கெட்ட மனிதர் இல்லை. உங்கள் குழிமேட்டில் கொட்டுகிற மழையில் நனைந்துகொண்டு நின்றவர். யோசித்துச் சொல்கிறேன் என்று காப்பி கொடுத்து அனுப்பினேன்.

அந்தக் குரங்குக் கதை உங்களுக்கு வந்த வழி எனக்கல்லவா தெரியும். ஜொகூர் பாருவிலிருந்து வரும் வெள்ளைக்கார டாக்டர், லாயாங் லாயாங் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோது குரங்கிலிருந்து மனிதன் வந்ததைச் சொல்லும் ஒரு புத்தகத்தை உங்கள் கையில் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு பக்கம் அது, ஒரு பக்கம் வேதாகமம் என்று விரித்து வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் உட்கார்ந்தீர்கள். சோறு ஆறிப்போகும். இரண்டில் எது ஜெயித்தது என்று கேட்டால், "சண்டையே நடக்கல, நீயா ஏன் மூட்டிவிடுற டீச்சர்?" என்பீர்கள். அதோடு விட்டிருக்கலாம். கோயிலில் ஆதியாகமம் வாசித்த ஞாயிறு, ஆண்டவர் உயிர்களை ஒன்றிலிருந்து ஒன்றாக வளர்த்தெடுத்தார் என்று இரண்டு வாக்கியம் சேர்த்துச் சொன்னீர்கள். அடுத்த வாரமே வேதம் வாசிக்கும் பொறுப்பு வேறொருவருக்குப் போனது. உங்கள் குரலுக்காகவே கோயிலுக்கு வந்தவர்கள் உண்டு. கடைசி வாங்குப்பலகையில் உட்கார்ந்து, வேறொருவர் தடுக்கித் தடுக்கி வாசிப்பதை, உதடு மட்டும் அசையக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.

பிறகுதான் இந்த மலைப்பாம்பு கோழிக்கூட்டில் மாட்டியது. அறுத்துப் பார்த்துக் கால்மிச்சத்தைக் காட்டினீர்கள். சபைக்கு ஒரே கொண்டாட்டம். ஏவாளை ஏமாற்றிய பாம்புக்கு முதலில் கால் இருந்தது, சாபத்தில்தான் அது தேய்ந்து வயிற்றால் ஊரப் போயிற்று, வேதம் சொன்னது நம் தோட்டத்துக் கோழிக்கூட்டிலேயே நிரூபணமாகிவிட்டது என்று ஆளாளுக்குப் பேசினார்கள். உபதேசியாருக்கு அதைவிடச் சந்தோஷம். நீங்களே குப்பியைக் கொண்டுவந்து காட்டி அப்படிச் சொல்லுங்கள், வரும் வாரத்திலிருந்து வாசிப்பு உங்களுக்கே என்றார். சொல்லித் தொலையுங்கள் என்று நானும் கெஞ்சினேன்.

குப்பியோடு போனீர்கள். எழுந்து நின்று, "இது சாபத்துல தேஞ்சதில்ல. வேணாம்னு கொஞ்சங் கொஞ்சமா, தலைமுற தலைமுறயா விட்டுப்போனது. சட்டுனு படைச்சிருந்தா ஆண்டவரக் கெட்டிக்காரர்னு சொல்லிட்டுப் போயிருப்பேன். இவ்வளவு காலம் பொறுத்துப் பண்ணாரே, அதுலதான் எனக்கு அவரோட பாசம் தெரியுது" என்றீர்கள். வீடு வரும்வரை உங்களுக்கு முன்னால் வேகமாக நடந்தேன். சாகும்வரை உங்களுக்குக் கடைசி வாங்குதான்.

இன்று ஆராதனையில் உபதேசியார் என்னைப் பார்த்தார். எழுந்தேன். அழுதுவிடுவேனோ என்ற பயம்கூட இல்லை. மரத்துப்போனதில் இப்படியும் ஒரு சௌகரியம் இருக்கிறது.

"அவரு எதையும் விடல. கடைசி மூச்சு வரைக்கும் ஜெபம் பண்ணாரு. பாம்பப் பத்திச் சொன்னதும் அப்பிடியேதான் இருந்திச்சு. ரெண்டும் ஒரே மனுசன்கிட்ட இருந்திச்சு, நான் பாத்தேன்" என்றேன்.

உபதேசியார் தலையைக் குனிந்துகொண்டு பெயர்களைச் சொல்லத் தொடங்கினார். காய்ச்சலில் போன மேஸ்திரி, பிரசவத்தில் போன செல்லம்மா, இன்னும் சிலர். உங்கள் பெயர் வரவில்லை. அவர் ஆமென் சொல்ல வாயெடுக்குமுன், பள்ளியில் வருகைக்குப் பெயர் கூப்பிடும் குரலில், உங்கள் பெயரை நான் சொன்னேன்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு ஆமென் எழுந்தது. நீங்கள் பிழைக்க வைத்த பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த ரப்பர் பால்வெட்டுக்காரி அவள். அவளைத் தொடர்ந்து இன்னும் சில குரல்கள். உபதேசியார் கடைசியாக ஆமென் சொன்னார், மெதுவாக. ஆனாலும் சொன்னார்.

இன்னும் எனக்கு அழுகை வரவில்லை. அடுத்த மாதமும் அவர் உங்கள் பெயரை விட்டுவிடலாம். எழுந்து நின்று நான் சொல்வேன்.