சீட்டுக்கு ஒரு டப்பா

நவ. 10, திங்கள்
மழை. பஸ் லேட். ரெக்கார்ட் நோட்டு பாக்கி. அம்மா தூங்கிவிட்டார்.

மலைமேல் ஒண்டிக்கடை ஸ்டாப்பில் எங்கள் மளிகைக் கடை இருக்கும் கட்டடத்தை விற்கிறார்கள். அதை வாங்க அத்தா சேர்த்த பணம் முழுக்க டாலர் காயினில், செல்லில் மட்டும் இருக்கும் காசு. துபாய் மாமா சொல்லித்தான். “ஒரு காயின்னா எப்பவும் ஒரு டாலர், மச்சான். ஏறாது, எறங்காது.” இப்போது திருப்பிக் கேட்டால் காயின் விற்ற கம்பெனி தரவில்லை. செல்லில் ஒரே பதில்: ‘பரிசீலனையில்.’

கடை போனால் சேலத்துக்கு இறங்கிவிட வேண்டியதுதானாம். பயம். யாரிடமும் சொல்லக் கூடாது.

நவ. 12, புதன்
ஸ்கூலுக்கு லீவு. அத்தாவுடன் சேலத்தில் ஆடிட்டர் ஆபீஸ். கம்பெனியின் இங்கிலீஷைப் படித்துச் சொல்ல நான்.

ஆடிட்டர்: “அமெரிக்காவுல சட்டம் போட்டுட்டாங்க பாய். எத்தன காயின் வெளிய விட்டானோ அத்தன டாலர் தனியா வெச்சிருக்கோணும். மாசாமாசம் கணக்குக் காட்டோணும். இவன் ஏதோ தீவுல பதிஞ்சவன். எந்தச் சட்டத்துக்கும் கீழ வர்லீங்க.”

அத்தா: “இங்க புகார் குடுத்தா?”

“இங்க அதுக்குன்னே ஒரு சட்டம் இன்னும் வரோணுமுங்களே.”

திரும்பும் பஸ்ஸில் பாதி மலை ஏறியதும் அத்தா: “அவனும் டப்பா வெச்சிருப்பான்னு நெனச்சுட்டேன் கண்ணு.”

டப்பா. நான் மூன்றாவது படித்தபோது கடையில் செல்லில் பணம் அனுப்பும் ஸ்கேனர் கிடையாது. சில்லறை இல்லையென்றால் அத்தா டீத்தூள் அட்டையை வெட்டி, 5, 10 என்று எழுதி, முத்திரை குத்திச் சீட்டாகத் தருவார்; திருப்பிக் கொண்டு வந்தால் காசு. அடுத்து சில்லறை வந்த உடனே அதே அளவு காசு பிஸ்கட் டப்பாவுக்குள். போடுவது என் வேலை. டங் என்று சத்தம். காசெல்லாம் மிளகு வாசம். மிட்டாய்க்கு ஒரு ரூபாய் எடுத்தேன் ஒருநாள். “வெய்யி சாமி. அது நம்முது இல்ல.”

நவ. 14, வெள்ளி
குளிர். கணக்குப் பரீட்சை சுமார்.

சாயங்காலம் கடைக்குக் கிளியூர் அக்கா ஒருவர், கையில் பழுத்துப்போன சீட்டு. “ஏனுங்க பாய், ஊட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கறப்ப சாமி படத்துக்குப் பின்னால கெடந்துச்சு. இன்னும் செல்லுமுங்களா?”

“ஏன் செல்லாது?” டப்பாவிலிருந்து பத்து ரூபாய்.

“நொம்ப வருசமாச்சு. வட்டி இல்லீங்களா?”

அத்தா ஒரு மிட்டாய் கொடுத்தார். இந்த வாரம் அவர் சிரித்தது அப்போதுதான்.

அம்மா மெதுவாக: “இனி யாரு வரப்போறா? டப்பாக் காச எடுத்து கரண்டு பில்லாவது கட்டலாமில்ல.” அத்தா டப்பாவை மூடி மேல்தட்டில் வைத்தார்.

நவ. 16, ஞாயிறு
வெயில். செல்லில் கம்பெனியின் பக்கமே திறக்கவில்லை. கட்டடம் வேறு ஒருவருக்கு. தராசு, கண்ணாடி ஜாடிகள், எல்லாம் விற்றாயிற்று. டப்பா மட்டும் வீட்டுக்கு வந்தது.

ஷட்டரில் ஒட்ட அட்டை. என் கையெழுத்து நல்லது என்று என்னை எழுதச் சொன்னார். ‘கடைச் சீட்டு வைத்திருப்பவர்கள் கீழ்க்கண்ட விலாசத்தில் பணம் பெற்றுக்கொள்ளவும்.’

எந்த ஊர் விலாசம் என்று கேட்டேன்.

“ஊடு இன்னும் அமையல. எடம் விட்டு வெய்யி கண்ணு.”