முளைத்த தேங்காய் ரொட்டி

மார்ச் 6, வியாழன்

விபூதிப் புதன் முடிந்த மறுநாளே வீடு நாறுகிறது. மகள் றெபேக்கா நேற்றுப் பின்னேரம் மாமியார் வீட்டிலிருந்து வந்துவிட்டாள். அவளுக்கு வயிற்றில் மூன்றாம் மாதம். மருமகன் ஜெனிஸ்டன் கட்டாரில். மாமியார் வீட்டில் தாளிக்கிற மணம் ஒத்துவரவில்லையாம், "அம்மாட கையால எண்டா இறங்கும்" என்றுதான் வந்தாள். இறங்கவில்லை. காலையில் புட்டு, மத்தியானம் சோறும் பருப்பும், பொழுதுபட்டால் பாண். எல்லாம் வாளிக்குள். வாளியை நான்தான் கழுவினேன், மூச்சைப் பிடித்துக்கொண்டு, "அருள் நிறைந்த மரியே" சொல்லிக்கொண்டு. செபம் சொல்லுகிற வாய்க்கே ஓங்காளம் வந்தது. மாதாவே, பொறுத்துக்கொள்ளும்.

தவக்காலத்துக்கு மீனும் இறைச்சியும் விட்டிருக்கிறேன். அருவருப்பை விடு என்று யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் ஏலாது.

மார்ச் 9, ஞாயிறு

பக்கத்து வீட்டு லோர்னா அக்கா இஞ்சி பிஸ்கட் சுட்டுக் கொண்டுவந்தார். அவருடைய பூனை குசினி மேசையில் படுக்கிறதை என் கண்ணால் கண்டிருக்கிறேன். பீங்கானை வாங்கி மூடி வைத்தேன். முகத்தில் தெரிந்திருக்கும்போல.

"செசீலியா, நீ மோட்சத்துக்குப் போனாலும் வாசல்ல நிண்டு, உள்ளுக்குக் கூட்டிக் கழுவியாச்சா எண்டுதான் கேப்பாய்" என்றார். றெபேக்கா சிரித்தாள். வந்த நாளிலிருந்து இன்றுதான் சிரித்தாள். பிஸ்கட்டில் ஒரு கடி கடித்தாள். பிறகு வாளி.

மார்ச் 11, செவ்வாய்

கிளினிக். எடை இன்னும் இறங்கிவிட்டது. மிட்வைஃப் மிஸ் கிளினிக் கார்ட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். அடுத்த செவ்வாயும் இறங்கினால் ஆஸ்பத்திரியில் வைத்து சேலைன் ஏற்றவேண்டுமாம். போன ஆடியில் ஒன்று தங்காமல் போனது அவருக்கும் தெரியும்.

வரும் வழியில் கருவாட்டுக் கடையைத் தாண்டும்போது றெபேக்கா என் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். சின்னப் பிள்ளை மாதிரி.

மார்ச் 13, வியாழன்

இன்று தானாகவே ஒன்று கேட்டாள்.

"அம்மா, வெள்ளத்துக்குப் பள்ளிக்கூடத்தில இருக்கக்குள்ள சுட்டுத் தந்தீங்களே, அந்த ரொட்டி."

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. எந்த ரொட்டி? அந்த ரொட்டியா?

2011 தை மாதம். அவளுக்கு ஒன்பது வயது. ஒரு வகுப்பறைக்குள் எத்தனை குடும்பம் என்று எண்ணக்கூட மனம் வரவில்லை. கக்கூஸ் நிரம்பி விறாந்தைக்கு வந்துவிட்டது. நிவாரண மாவில் வண்டு — அரிக்க அரிக்க வண்டு. என் மனிசன் இடுப்பளவு தண்ணீருக்குள் போய், மிதந்துவந்த தேங்காய்களைப் பிடித்து வந்தார். யாரோ நாற்றுக்குப் போட்டு வைத்தவை, எல்லாம் முளைவிட்டவை. செத்த கோழியும் நாயும் மிதந்த அதே தண்ணீர். உடைத்தால் உள்ளே மஞ்சளாய், பஞ்சுபோலப் பூரான், முளைத்த தேங்காய்க்குள் திரளுமே அந்தப் பூ. அதையும் தேங்காய்ப் பருப்பையும் சேர்த்து நசித்து, மாவில் குழைத்து, ஒரு தகர மூடியில் சுட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சுட்டேன்.

எத்தனை வருஷம், எத்தனை கறி, நத்தார் பண்டிகைக்கு எத்தனை பலகாரம். இவள் நாக்கில் நின்றது இதுவா?

மார்ச் 14, வெள்ளி

ரொட்டி சுட்டேன். நல்ல மா, இன்று பறித்த தேங்காய், வெங்காயம், பச்சை மிளகாய். இப்போது தேங்காய் விற்கிற விலைக்கு முழுத் தேங்காய் துருவிப் போட்டேன். ஒரு துண்டு தின்றாள்.

"இது இல்ல அம்மா. அது இனிக்கும். பஞ்சுபோலக் கடிபடும்."

வாளி.

மார்ச் 15, சனி

இவருக்கு நான் சொல்லியிருக்கக்கூடாது. எஞ்சின் திருத்துகிற பட்டறையிலிருந்து கிறீஸ் கையோடு வந்து, நேரே கிணற்றடிக்குப் போய்விட்டார். அங்கே நாற்றுக்குப் போட்ட தேங்காய்கள் கிடக்கின்றன. ஒன்றைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் வந்தார், மண்ணும் புழுவும் சொட்டச் சொட்ட. என் குசினிக்குள்!

வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு அழுகலைக் கொடுப்பதா என்று சத்தம் போட்டேன். முளைத்த தேங்காயை நான் கோழிக்கும் போடுகிறதில்லை. வெள்ளத்தில் கிடந்ததை அன்று வேறு வழியில்லாமல் செய்தேன், இன்றைக்கு எனக்கு என்ன வந்தது?

இவர் துருவுகிற திருவலைக்குப் பக்கத்தில் தேங்காயை வைத்தார். "பூரானைச் சனம் காசு குடுத்துத் தின்னுது. அந்தத் தேங்காய்க்குள்ள எங்கால செசீ வெள்ளம் போனது? உன்ட தலைக்குள்ளதான் போயிருக்கு, இன்னும் வடியல்ல."

தேங்காயை வெளியே வைத்தேன். அது கிடந்த இடத்தைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன். மனிசன் சொல்லுறது சரிதானா? சரியெண்டாலும் — சீ.

மார்ச் 16, ஞாயிறு

பூசையில் நற்கருணை வாங்கிவிட்டு வந்து முழங்காலில் நின்றேன். வேறு எதுவும் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை மட்டும்தான் மனதில்.

வந்ததும் இவரிடம் "உடையுங்க" என்றேன். அவ்வளவுதான். இவர் வெளியே கிடந்த தேங்காயை எடுத்து வந்து உடைத்தார்.

சவர்க்காரமும் பழைய எண்ணெயும் கலந்த மாதிரி ஒரு மணம். பூரானைத் தொட்டபோது ஏதோ உயிருள்ளதைத் தொட்டமாதிரி இருந்தது. மூக்குக்குத் துணி கட்டிக்கொண்டேன். நசித்தேன், குழைத்தேன், தட்டினேன், முகத்தைத் திருப்பிக்கொண்டு சுட்டேன்.

ஒன்று தின்றாள். வாளியை எடுத்துக்கொண்டு போய் அவளுக்குப் பக்கத்தில் நின்றேன். இரண்டாவதைப் பிய்த்தாள். "இதுதான்" என்றாள், வாய் நிறைய வைத்துக்கொண்டு. மூன்றாவதையும் கேட்டாள்.

பின்னேரம்வரை வாளி காய்ந்தபடியே கிடந்தது.

மார்ச் 18, செவ்வாய்

எடை இறங்கவில்லை. ஆஸ்பத்திரி வாட்டில் வைக்கத் தேவையில்லையாம். இறைவனுக்கு நன்றி. ரொட்டி சுட்டுச் சுட்டுக் குசினி சவர்க்கார நாற்றம்.

மார்ச் 20, வியாழன்

றெபேக்கா ஜெனிஸ்டனோடு போனில் கதைத்துக்கொண்டிருந்தாள். நான் கதவுக்கு வெளியே துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"பள்ளிக்கூடத்தில எல்லாப் பிள்ளையளுக்கும் ஒண்டுதான். எனக்கு மட்டும் ரெண்டு. அம்மா தனக்குப் பசிக்கல்ல எண்டுபோட்டு தன்ட ரொட்டிய எனக்குத் தந்திருவா. அதாலதான் எனக்கு அது அவ்வளவு ருசி."

மடித்ததை விட்டுவிட்டேன்.

எனக்குப் பசித்தது. நல்லாப் பசித்தது. அந்த ரொட்டி தொண்டையால் இறங்காது என்றுதான் தள்ளி வைத்தேன். அவள் எடுத்துத் தின்றாள், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவுதான் நடந்தது. நான் அருவருத்து ஒதுக்கினதை இந்தப் பிள்ளை பாசம் என்று இத்தனை வருஷம் பொத்தி வைத்திருக்கிறாள்.

போய்ச் சொல்லலாமா? சொல்லி என்ன? இறங்குகிற ஒரு சாப்பாடும் இறங்காமல் போகட்டுமா?

ஏப்ரல் 5, சனி

கிணற்றடியில் இருந்த நாற்றெல்லாம் முடிந்தது. இவர் ஆரையம்பதிப் பக்கம் போய் ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்தார். சாக்கில் அட்டை ஊர்ந்தது. சீ.

ஏப்ரல் 22, செவ்வாய்

உயிர்த்த ஞாயிறு நல்லபடி முடிந்தது. கோழிக்கறி வைத்தேன். றெபேக்கா சோற்றோடு கொஞ்சம் தின்றாள், சத்தி எடுக்கவில்லை. வயிறு வெளியே தெரியத் தொடங்கிவிட்டது. இனி எல்லாம் இறங்கும் என்று மிட்வைஃப் மிஸ் சொல்கிறார். ஆனாலும் காலையில் அந்த ரொட்டி வேண்டுமாம்.

இன்று சுட்டுக் கொடுத்தபோது ஒன்றை எடுத்து என் பீங்கானில் வைத்தாள்.

"இண்டைக்கு நீங்களும் தின்னுங்க அம்மா. அண்டைக்குத்தான் எனக்குத் தந்திட்டுச் சும்மா இருந்தீங்க."

இவர் என்னைப் பார்த்தார். இவருக்கு எல்லாம் தெரியும். அந்த மனிசனுக்குச் சிரிப்பை அடக்கவும் தெரியாது.

பிய்த்து வாயில் வைத்தேன். இனிப்பு. பஞ்சு. அதே மணம், மூக்குக்குள் ஏறியது. கண்ணை மூடிக்கொண்டு மென்றேன்.

துப்பவில்லை.

பின்னேரம் இவரைக் கூப்பிட்டு, நல்ல முற்றிய தேங்காயாகப் பார்த்து உரிக்காமல் கிணற்றடி நிழலில் வரிசையாய்ப் போடச் சொன்னேன். இப்போது போட்டால் பிள்ளை பிறக்கிற புரட்டாசிக்குள் முளைத்துவிடும். பல்லு முளைக்கிற நேரத்துக்கு இன்னொரு வரிசை போடவேண்டும். இவர் போட்டது கோணல். நானே குனிந்து ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தேன்.

பிறகு கையைச் சவர்க்காரம் போட்டு நல்லாக் கழுவினேன்.