முகீரே

ஜூலை 14, இரவு

பக்கத்து வீட்டுச் செல்லையா அண்ணாச்சியின் பசு, கன்று செத்ததிலிருந்து கத்திக்கொண்டே இருந்தது. பாதிரியாராகும் ஆசையில் குருமடத்தில் படித்த லத்தீன் எல்லாம் மறந்துவிட்டது. 'முகீரே' மட்டும் நினைவுக்கு வந்தது. மாடு கத்துவதற்கான வினைச்சொல். மாட்டின் 'மூ'விலிருந்தே பிறந்தது, இடி முழங்கினாலும் ரோமானியர்கள் அதைச் சொல்வார்கள் என்று மனைவி ஸ்டெல்லாவிடம் விளக்கினேன்.

சாயங்காலம் சாரலில் நின்று அண்ணாச்சி கன்றின் தோலில் வைக்கோல் அடைத்துப் பசுவின் முன்னால் நிறுத்தினார். பசு நக்கியது. பால் சுரந்தது.

"பாத்தியளா, இனி கத்தாது" என்றார்.

உள்ளே வந்தேன். மகளின் பள்ளிச் சீருடையை அவள் போனதிலிருந்து கதவுக்குப் பின்னால் மாட்டியே வைத்திருக்கிறேன். ஸ்டெல்லா அதன் எதிரே நின்றாள்.

"இத எடுத்துருங்க. ஒரு வருசமாச்சு. நான் மாடு இல்ல."

எடுத்து மடித்தேன். அப்போதுதான் அவள் கத்தினாள். மகளைக் கல்லறைக்குத் தூக்கிக்கொண்டு போன அன்று, ஊரே பார்க்கிறது, சத்தம் போடாதே என்று அவளிடம் சொன்னவன் நான். இன்று சொல்லவில்லை.