ஆவணி பிறக்கும் வரை

ஆமத்தூர்
12.6.2006

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

ஆண்டிச்சாமி வணக்கத்துடன் எழுதுவது. நேரில் சொல்ல வாய் வரவில்லை. வேலையை விட்டு நின்றுகொள்கிறேன். விருதுநகரில் ஒரு பிரஸ்ஸில் கூப்பிடுகிறார்கள். ஆர்டருக்காக ஊர் ஊராக அலைய வேண்டாம், சாயங்காலம் வீடு வந்து சேரலாம். வீட்டில் சண்முகத்தாய்க்கு உடம்பு ரொம்ப முடியவில்லை. ஆந்திராவில் ஏதோ லாட்ஜில் படுத்துக்கொண்டு அவளை நினைத்துக் கிடக்க என்னால் ஆகாது. கோவிச்சுக்கிடாதீக.

உங்கள் உப்பைத் தின்ற,
ஆண்டிச்சாமி


சிவகாசி
15.6.2006

ஆண்டிச்சாமிக்கு,

பொண்டாட்டிக்கு முடியலைன்னு சொல்லாம எவன்லே வேலையை விட்டான்? அடுத்த வருஷக் காலண்டர் படம் அத்தனையும் நீ பார்த்தாச்சு, அது அந்தப் பிரஸ்காரன் காதுக்குப் போகக் கூடாது. ஆடிப் பதினெட்டுக்குக் காலண்டர் மாதிரி ஆல்பம் வெளியிட்டு ஆர்டர் பிடித்து முடிக்கும்வரை என் கம்பெனிக்கும் வராதே, விருதுநகருக்கும் போகாதே. சம்பளம் வந்துவிடும், வீட்டிலேயே இரு. ஆவணி பிறக்கட்டும், எங்கன வேணும்னாலும் போ. கம்பெனி செல்போனைக் கொடுத்தனுப்பு. இனி எதுவானாலும் எழுத்தில்தான்.

சீசன் நேரத்தில் இப்படிச் செய்வாய் என்று நினைக்கவில்லை.

சங்கரபாண்டியன்


ஆமத்தூர்
24.7.2006

அண்ணாச்சிக்கு,

வாட்ச்மேன் தனுஷ்கோடி எங்கள் தெருவில் சைக்கிளில் போவதும் வருவதுமாக இருக்கிறார். நான் வீட்டில் இருக்கிறேனா என்று பார்க்கத்தானே? வெயிலில் அந்த மனுசனை ஏன் அலைய விடுறீக? நேற்று நானே கூப்பிட்டுக் காபி போட்டுக் கொடுத்தேன். ஆமாம், அடுப்படி இப்போது என் கையில்தான். என் ரசத்தைக் குடித்துவிட்டுச் சண்முகத்தாய், "இதுக்கா இம்புட்டு நாள் காத்துக் கிடந்தேன்?" என்று சிரிக்கிறாள். கல்யாணம் ஆனதிலிருந்து ஆடி மாதத்தில் என் முகத்தைப் பார்த்ததே இல்லையாம்.

ஆனாலும் மனசு ஆறவில்லை. திருடனைப் போல உட்கார வைத்துவிட்டீர்களே. ஆல்பம் பூசைக்கு வாசலில் நின்றாவது கும்பிட்டுப் போகட்டுமா?

ஆண்டிச்சாமி


சிவகாசி
5.8.2006

தம்பி ஆண்டிச்சாமிக்கு,

பூசை முடிந்தது. வேண்டுமென்றுதான் உனக்குப் பதில் போடவில்லை. வந்த பார்ட்டி எல்லாம் உன்னைத்தான் கேட்டார்கள். தனுஷ்கோடி இன்றைக்குத்தான் சொன்னார், சண்முகத்தாய் எழுந்து உட்காரக்கூட முடியவில்லையாமே. நான் நம்பலையே தம்பி. இந்தக் கடுதாசியோடு கார் வருகிறது. மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போ.

சங்கரபாண்டியன்


ஆமத்தூர்
28.8.2006

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

மதுரைக்குப் போகும்போது அவள் தலை என் மடியில் இருந்தது. திரும்பி வரும்போதும் அப்படித்தான் வைத்துக்கொண்டு வந்தேன். அவளை எடுத்த அன்று துட்டிக்கு வந்த நீங்கள் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றுவிட்டுப் போனதாகச் சொன்னார்கள். உள்ளே வந்திருக்கலாம்.

உங்கள் மேல் கோபம் இருந்தது, இப்போது இல்லை. நீங்கள் சந்தேகப்படாமல் இருந்திருந்தால் மறுவாரமே விருதுநகர் வேலைக்குப் போயிருப்பேன். பகலெல்லாம் அவள் தனியாகக் கிடந்திருப்பாள்.

விருதுநகரிலிருந்து ஆள் விட்டார்கள். வரவில்லை என்றுவிட்டேன். சாயங்காலம் வீட்டுக்கு வரத்தானே அந்த வேலை? இப்போது சாயங்காலம் ஆனால் வீட்டுக்குள் போகவே முடியவில்லை. என் பழைய ஆந்திரா லைனில் ஆள் போட்டிருப்பீர்கள், அவனை எடுக்க வேண்டாம். தூரமான ஊராக இருந்தால் நல்லது.

ஆவணி பிறந்தாச்சு அண்ணாச்சி. எங்கனயாவது அனுப்புங்க.

ஆண்டிச்சாமி