உன் அம்மாவுக்குக் கேட்கவேண்டிய குரல்

இன்று காலை சிப்காட் கம்பெனியில் ஒரு சர்க்யூட் போர்டுக்கு ஈயம் வைத்துக்கொண்டிருந்தேன். ஈயத்தோடு உருகும் ஃபிளக்ஸ் பசையின் புகை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது. டிப்ளமா படித்த நாளில் ஒரே மேசையில் இந்தப் புகையைத் தின்றவர்கள் நாம். ஆனால் இன்று நினைவில் வந்தது, பிச்சாவரத்துக்குப் பக்கத்தில் உன் வீட்டில் கழிந்த ஒரு மத்தியானம்.

தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு உன்னிடம் மிஞ்சியது வெறும் காற்றுக் குரல். உன் அம்மாவுக்கோ காது மந்தம், எழுத்தும் தெரியாது. நீ சொல்வதையெல்லாம் உன் தம்பிதான் அவர் காதில் கத்தவேண்டும். "எங்க அம்மாகிட்ட நானே பேசணும்டீ" என்றாய். அதற்காகத்தான் மைக், குட்டி ஸ்பீக்கர், டிரான்சிஸ்டர் எல்லாம் வாங்கிக்கொண்டு வந்தேன்.

நான் கட்டியது ஊமையாகக் கிடந்தது. நீ இருமினால் மட்டும் 'டப்' என்றது. எரிச்சலில் கம்பிகளைப் பிடுங்கினேன். நீ சத்தமில்லாமல் சிரித்தாய்.

"கம்பெனி புத்தி எங்க போவும்? ஸ்விட்சா கட்டி வச்சிருக்க" என்று காதோரம் சொன்னாய்.

உண்மைதான். ரிலே சுவிட்சைப் போடவும் நிறுத்தவும் மட்டுமே டிரான்சிஸ்டரை வைத்துப் பழகிய கை என்னுடையது. அங்கே முழுசாக மூடு, இல்லையென்றால் முழுசாகத் திற. உன் இருமல் இடித்துத் திறந்துவிட்டது. பேச்சுக்கு அந்தப் பலம் இல்லை.

"முன்னாடியே கொஞ்சம் தொறந்து வையேன். சின்னதா வந்தாலும் உள்ள போவும்ல?"

பிடுங்கியதை மறுபடி மாட்டி, பேட்டரியிலிருந்து ஒரு ரெசிஸ்டர் வழியாக டிரான்சிஸ்டரின் நடுக்காலுக்குத் துளி மின்சாரம் கொடுத்தேன். குழாயைப் பாதி திறந்து வைத்த கதைதான். அப்புறம் விரல் லேசாக அசைந்தாலே தண்ணீர் கூடும், குறையும். பாய்கிற பலம் பேட்டரியுடையது. அசைவு மட்டும் உன்னுடையது.

மைக்கை வாயருகே வைத்தாய். "எம்மா, கொழம்புல உப்பு ஜாஸ்தி."

"தின்னுட்டு பேசுற பேச்சப் பாரு!" என்று அடுப்படியிலிருந்து அதட்டல் வந்தது. அதட்டிய பிறகுதான் உன் அம்மா கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார். நான் அழுதேன். நீங்கள் இருவரும் உப்பைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தீர்கள்.

நீ போன பிறகு கொஞ்ச காலம் நான் முழுசாக மூடிக்கிடந்தேன். யார் கூப்பிட்டாலும் போனை எடுக்கவில்லை. ஒருநாள் உன் தம்பி நம்பரைப் பார்த்து மட்டும் எடுத்தேன். உன் அம்மா, "ஞாயித்துக்கெழம வந்து ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போ" என்றார். போனேன். இப்போது வாராவாரம் போகிறேன். கொஞ்சம் திறந்து வைத்திருப்பது, அதுதான்டீ உன்னிடமிருந்து எனக்கு வந்தது.

போன ஞாயிறு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து உன் அம்மா, "வந்துட்டியா பாப்பா?" என்று கேட்டார். நான் இன்னும் வாயே திறக்கவில்லை.