மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒரு சட்டம்

அண்ணா,

இன்று காலை பாப்பாரப்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் பட்டாசுப் புகை மூக்கை அடைத்தது. எங்கள் கட்சிக்காரர்கள்தான் சரவெடி கொளுத்திக்கொண்டிருந்தார்கள். புதிய எரிசக்திச் சட்டம் நேற்று நிறைவேறிவிட்டதாம். சட்டசபையில் காலையில் மசோதாவை உறுப்பினர்கள் கையில் கொடுத்து, மதியச் சாப்பாட்டுக்கு முன் குரல் வாக்கெடுப்பில் முடித்துவிட்டார்கள். என் கையிலும் ஒரு லட்டைத் திணித்தார்கள். அந்தப் புகைக்குள் நின்றபடி உங்களைத்தான் நினைத்தேன்.

போன தேர்தலுக்கு முன் உங்கள் கட்சி ஆட்சியில் இருந்தது. நம் ஊரில் நீங்கள் அதன் கிளைச் செயலாளர், நான் எதிர்க்கட்சி. சுவரில் சின்னம் வரைவதற்கே சண்டை போட்டவர்கள் நாம். உங்கள் அரசும் இப்படித்தான் ஒரு சட்டத்தை அவசர அவசரமாகக் கொண்டுவந்தது. பருவநிலை மாறுகிறது, சூரிய மின்சாரம் உடனே வேண்டும், அதனால் பதிவேட்டில் தரிசு என்றிருக்கும் நிலத்தைக் கிராம சபையைக் கேட்காமலே நிறுவனங்களுக்குக் கொடுக்கலாம் என்றது அது. நம் ஆடுமாடுகள் மேயும் கரடு முழுவதும் பதிவேட்டில் தரிசுதானே.

நான் மேடை போட்டுத் திட்டினேன். எதிர்க்கட்சிக்காரனுக்கு அதில் என்ன நஷ்டம்? நீங்கள் செய்தது வேறு. சட்டத்துக்கு நன்றி சொல்ல உங்கள் கட்சி தருமபுரியில் கூட்டிய கூட்டத்தில் மைக்கை வாங்கினீர்கள். யாரோ செல்போனில் எடுத்த அந்தக் காட்சி ஊரெல்லாம் சுற்றியது.

"சோலார் வேண்டாம்னு சொல்லலைங்க. என் கெணத்துலயே அதுலதான் மோட்டாரு ஓடுது. சட்டசபையில இதுக்குக் கை தூக்குனவங்க யாராச்சும் இதைப் படிச்சாங்களா? அதை மட்டும் சொல்லுங்க."

பூமி சூடாகிக்கொண்டிருக்கிறது, ஒவ்வொரு ஊராகக் கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை என்றார் மேடையில் இருந்த உங்கள் கட்சிப் பெரியவர்.

"மழை இல்லாம ஏரியூருக்கும் நம்ம ஊருக்கும் தண்ணி லாரி பின்னாடி ஓடுனோம். அப்ப வராத அவசரம், கம்பெனிக்காரங்க வந்ததும் எப்படிங்க வருது?"

மைக்கை அணைத்தார்கள். அதே வாரத்தில் கட்சியை விட்டு நீக்கினார்கள். உங்களோடு போஸ்டர் ஒட்டி வளர்ந்தவர்கள் உங்களைப் பார்த்தால் வண்டியை வேறு சந்தில் திருப்பினார்கள். நீங்கள் முதல்முறையாக என் வீட்டுப் படியேறியது அப்போதுதான். "உங்க கட்சியில சேர வரலை, தம்பி. கிராம சபைக்கு ஆள் கூட்டணும். வர்றியா?" என்று கேட்டீர்கள்.

வந்தேன். இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே பந்தலில் உட்கார்ந்து கரட்டைக் கொடுக்க மாட்டோம் என்று தீர்மானம் போட்டோம். வம்பு வேண்டாமென்று நிறுவனம் நம்மை விட்டுவிட்டு, கேள்வி கேட்க ஆளில்லாத வேறொரு ஊரைப் பிடித்துக்கொண்டது. சட்டம் அப்படியே இருந்தது. "நம்ம ஊரு தப்பிச்சா ஆச்சா?" என்று நீங்கள் பொருமிக்கொண்டே இருந்தீர்கள். அடுத்த தேர்தலைப் பார்க்காமலே மாரடைப்பில் போய்விட்டீர்கள்.

உங்களைத் தூக்கியெறிந்தவர்களே 'கட்சியின் தூண்' என்று பேனர் வைத்தார்கள், அண்ணா. கிழிக்கப் போன என்னை அண்ணிதான் தடுத்தார். "வுட்டுடு தம்பி. வச்சவங்களுக்கே தெரியும்" என்றார்.

அந்தச் சட்டத்தை எதிர்த்து வெளிநடப்புச் செய்தது எங்கள் கட்சி. ஆட்சிக்கு வந்தால் நீக்குவோம் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னவன் நான். நேற்று என்ன செய்திருக்கிறார்கள் தெரியுமா? அதை நீக்கவில்லை. கிராம சபை ஆட்சேபம் தெரிவிக்க மிச்சமிருந்த வழியையும் அடைத்துவிட்டார்கள். அன்று வெளிநடப்புச் செய்தவர்களே நேற்று மேசையைத் தட்டினார்கள். பூமியைக் காப்பாற்றுவதாகச் சொல்கிறார்கள். அந்தப் பூமியில் நம் ஜனங்கள் சேர்த்தி இல்லையா?

லட்டைத் தின்னாமல் அவர்கள் தட்டிலேயே திருப்பி வைத்துவிட்டேன். நாளை தருமபுரியில் நன்றி அறிவிப்புக் கூட்டம். நானும் பேசுவேன் என்று ஒன்றியச் செயலாளரிடம் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கட்சிப் பொறுப்பு போயிரும், பாத்துக்கங்க" என்றார் மெதுவாக.

எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. உங்கள் கூட்டத்துக்கு முதல் நாள் நீங்கள் ஒரு வாய் சோறுகூடச் சாப்பிடவில்லை என்று அண்ணி பிறகு ஒருநாள் சொன்னார். நீங்கள் பயமே இல்லாதவர் என்று நான் நினைத்திருந்தேன். பயந்துகொண்டேதான் போயிருக்கிறீர்கள். நானும் அப்படியே போகிறேன், அண்ணா.