மஞ்சள் மூடிப் பெட்டியைத் தொடாதே

மில்லிக்கன்,
சனிக்கிழமை காலை.

அன்பு மகன் றொய்சன் அறிவது,

முதலில் நான் சொல்வதைச் செய். ஒக்டோபரில் தாங்ஸ்கிவிங் நேரம் உன் கூட்டாளி பிரியந்தன் கொண்டுவந்து தந்த மஞ்சள் மூடிப் பெட்டியில் இருக்கிற தோட்டா ஒன்றையும் துவக்கில் போடாதே. போட்டிருந்தால் கழற்று. சட்டைப் பையிலோ காரிலோ கிடந்தால் அதையும் எடுத்துப் பெட்டிக்குள் போட்டு பிரியந்தனிடம் கொடு. லெஸ்லியும் அந்தத் துவக்கால் சுடுகிறவள் என்று கேள்விப்பட்டேன். அவளையும் தொடவிடாதே. பிறகு ஆறுதலாக இருந்து மிச்சத்தை வாசி.

நாங்கள் சுகம். கொம்மாவும் சுகம். என் முழங்கால் மட்டும் படி இறங்கும்போது என்னோடு சண்டை பிடிக்கிறது. உங்கள் இரண்டு பேரின் சுகத்துக்காகவும் மடு மாதாவை மன்றாடிக்கொண்டு இருக்கிறோம்.

என் நம்பரை நீ மறித்து வைத்திருக்கிறாய். அதைப்பற்றி நியாயம் கதைக்க நான் வரவில்லை. கலியாணம் முடிக்காமல், ஏற்கெனவே ஒருமுறை முடித்த பெண்ணோடு நீ குடிபோனபோது, அந்த வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன் என்று சொன்னவன் நான். மிதிக்கவும் இல்லை. ஆனால் அந்த வீட்டுத் துவக்குக்கு மூன்று வருசமாகத் தோட்டா கட்டுகிறவனும் நான்தான். இந்தக் கூத்தை வெளியில் சொன்னால் ஆட்கள் சிரிப்பார்கள்.

எட்வேட் கிழவன் செத்து, தன் பேத்தி லெஸ்லியோடு இருக்கிற உனக்குத் தன் வேட்டைத் துவக்கை எழுதிவைத்ததை பிரியந்தன்தான் வந்து சொன்னான். கையோடு ஒரு பை நிறையச் சுட்டு முடிந்த தோட்டாக்களின் வெற்றுக் கோதும், நீ சுட்ட இலக்குத் தாள் ஒன்றும் கொண்டுவந்தான். சொல்லி அனுப்பிய வார்த்தை ஒன்றும் இல்லை. தாளில் ஓட்டைகள் சாப்பாட்டுக் கோப்பை அளவுக்குச் சிதறிக் கிடந்தன. எனக்கு விளங்கிவிட்டது. கடைத் தோட்டா எல்லாத் துவக்குக்கும் பொதுவாகச் செய்தது. பழைய துவக்கின் குழல் தேய்ந்து விரிந்திருக்கும், அதற்கு அளவெடுத்துத்தான் கட்டவேண்டும். சின்ன வயதில் கீழ்வீட்டில் நான் தோட்டா கட்டும்போது என் பக்கத்தில் நின்று பார்த்த பிள்ளைக்கு அது தெரியும். தெரிந்துதான் அனுப்பியிருக்கிறாய்.

நான் அந்தத் துவக்கைக் கண்ணால் கண்டதில்லை. அதன் வாயில் வெந்த கோதுகளைத் தடவிப் பார்த்து, இந்தக் கிழட்டுச் சாமானுக்கு எவ்வளவு வெடிமருந்து பிடிக்கும், ஈயச் சன்னத்தை எவ்வளவு கோதுக்குள் இறக்கவேண்டும் என்று மட்டுக்கட்டினேன். கட்டி அனுப்புவேன். நீ சுட்டுத் தாளைத் திருப்பி அனுப்புவாய். நான் ஓட்டைகளைப் பார்த்து மருந்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்து மறுபடி கட்டுவேன். சாப்பாட்டுக் கோப்பை தேத்தண்ணிக் கோப்பையாகி, போன வருசம் உள்ளங்கைக்குள் வந்துவிட்டது. அந்தத் தாளை நான் கொம்மாவுக்குக் காட்டினேன். என்ன எழுதியிருக்கிறான் என்று கேட்டாள். ஒன்றும் எழுதவில்லை, நல்லாய் இருக்கிறானாம் என்றேன்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன்.

உறைபனி விழப்போகிறது என்று நேற்று வெளியே நின்ற பூச்சட்டிகளை உள்ளே எடுத்தேன். கறிவேப்பிலைக் கன்று ஒன்று கறுப்புப் போத்தலில் நின்றது. கொம்மா கழுத்தை வெட்டி மண் போட்டிருந்தாள். பாதி உரிந்த லேபிளில் நம்பர் தெரிந்தது. அது என்னுடைய வெடிமருந்துப் போத்தல் மகன். கீழ்வீட்டு அலுமாரியில் அரைவாசி மருந்தோடு இருக்கவேண்டிய போத்தல்.

அதிலிருந்த மருந்து எங்கே என்று கேட்டேன். கொம்மா சந்தோசமாய்ச் சொன்னாள்: "ரெண்டு போத்தலிலையும் அரைவாசி அரைவாசி கிடந்தது. ஒரே கறுப்புத் தூள்தானே, ஒண்டாக் கொட்டிப்போட்டன். றெஜினாக்கா ஆக்களுக்குக் கீழ படுக்க இடம் ஒதுக்கச் சொல்லி நீங்கள்தானே சொன்னனீங்கள்."

அவளை உனக்குத் தெரியும். சமையலறையில் இரண்டு அரைப் போத்தல் கண்டால் கை சும்மா இராது. மல்லித்தூளோ சீனியோ, இரண்டு ஒன்றாகி ஒரு போத்தல் கழுவிக் கவிழ்க்கப்படும். அதே கைதான் என் அலுமாரிக்கும் வந்திருக்கிறது. என் மேசையைத் தொடாதே என்று நான் நூறுமுறை சொன்னேன், அவள் மேசையைத் தொடவில்லை. அலுமாரியைப்பற்றி நான் ஒரு நாளும் சொன்னதில்லை.

அந்த இரண்டு மருந்தும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். ஒன்று ஆறுதலாக எரியும், எட்வேட்டின் துவக்குக்குப் பிடித்தது அது. மற்றது சட்டென்று எரிந்து முடிகிறது. இரண்டும் கலந்தால் எப்படி எரியும் என்று செய்தவனுக்கே தெரியாது. அந்தப் பழைய துவக்கு தாங்குமா தெரியாது. தாங்காவிட்டால் பின்பக்கமாய்த்தான் வெடிக்கும். அங்கேதான் உன் கன்னம் இருக்கும்.

உன்னுடைய தோட்டாக்களை நான் கட்டினது செப்டம்பரில். கொம்மா எப்போது கொட்டினாள்? றெஜினா குடும்பம் மன்னாரிலிருந்து வந்து இரண்டுமுறை எங்களோடு தங்கினார்கள். ஓகஸ்டில் மிட்லண்ட் திருவிழாவுக்கு முதலும், பிறகு ஒக்டோபரில் திரும்பிப் போகும்போதும். ஒக்டோபரில் கொட்டியிருந்தால் பயமில்லை, ஓகஸ்டில் என்றால் உனக்கு நான் கட்டினது கலந்த மருந்தை. எந்த முறை அலுமாரி துடைத்தாய் என்று திருப்பித் திருப்பிக் கேட்டேன். ஒருக்கால் முதல்முறை என்கிறாள், ஒருக்கால் இல்லை என்கிறாள். நான் வற்புறுத்தினால் எனக்குப் பிடித்த பதிலைச் சொல்லிவிடுவாள் என்று பயந்து விட்டுவிட்டேன்.

கட்டுகிற நேரம் போத்தல் கொஞ்சம் கனத்தது போல எனக்கு ஒரு நினைவு. உண்மையாகக் கனத்ததோ, இப்போது பயத்தில் கனக்கிறதோ, எனக்கே தெரியவில்லை. துவக்கு என்னிடம் இருந்திருந்தால் பிக்கரிங்குக்கு மேலே நாங்கள் சுட்டுப் பழகுகிற கிளப்பில் முதல் வெடியை நான்தான் வைத்திருப்பேன். வந்தது என் முகத்தோடு போயிருக்கும்.

நேற்று முழுக்க போன் அடித்தேன். கொம்மாவின் போனிலிருந்து அடித்தால் நேரே வொய்ஸ்மெயில். லெஸ்லியின் நம்பரை பிரியந்தனிடம் வாங்கி அதற்கும் அடித்தேன், அதுவும் அப்படித்தான். நீங்கள் காட்டுக் கேம்புக்குப் போய்விட்டீர்கள், அங்கே சிக்னல் இல்லை என்று பிரியந்தன் சொன்னான். அந்தப் பக்கத்துப் பொலிசுக்கு அடித்தேன். நல்ல பிள்ளை ஒருத்தி பொறுமையாகக் கேட்டு, எந்த ஏரி, எந்த ரோட்டு என்றாள். எனக்கு எந்த ஏரி என்று தெரியாது. என் மகன் எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது என்று ஒரு வெள்ளைக்காரப் பிள்ளைக்கு இங்கிலிசில் சொன்னேன் றொய்சன். பிறகு பிரியந்தன் தனக்கு நினைவிருந்த வழியைச் சொன்னான். ஆள் அனுப்பப் பார்க்கிறோம் என்று போனை வைத்துவிட்டாள். இதுவரை ஒரு செய்தியும் இல்லை.

கடைசியில் பிரியந்தனே காரெடுத்து உங்களைத் தேடி வருகிறேன் என்றான். நானும் வாறேன் என்றேன். காரை விட்டு இறங்கி நெடுக நடக்கவேண்டும், நீங்கள் வந்தால் உங்களைத் தூக்குகிறதா வேகமாய்ப் போகிறதா என்று பிரியந்தன் கேட்டான். அவன் சொன்னது சரி. அவன் பகிடிக்காரன், வாயால் சொன்னால் நீ விளையாட்டு என்று நினைப்பாய். அதுதான் என் கையெழுத்திலேயே எழுதித் தருகிறேன். மான் வேட்டை திங்கள் திறக்கிறது. ஆனால் நீ அதற்கு முதல் தாளில் சுட்டுப் பார்க்கிறவன், என்னிடம் பழகினவன். இந்த முறை தாள் இன்னும் வரவில்லை. நீ இன்னும் சுடவில்லை என்று அதற்குக் கருத்து எடுக்கலாம். வேறு விதமாகவும் எடுக்கலாம். அந்த வேறு விதத்தை நினைக்க எனக்குத் தைரியம் இல்லை.

கொம்மாவுக்கு நான் முழுவதும் சொல்லவில்லை. மருந்து வீணாய்ப் போய்விட்டது என்று மட்டும்தான் தெரியும். நான் மேசையில் இருந்து உனக்குக் கடிதம் எழுதுகிறதைக் கண்டு, அப்பனும் மகனும் சமாதானம் என்று நினைத்து, விடிய எழும்பி பருத்தித்துறை வடை சுடுகிறாள். பாட்டும் படிக்கிறாள். சுடு என்று விட்டுவிட்டேன். பிரியந்தன் கொண்டுவருகிற பை முழுக்க அதுதான். லெஸ்லிக்கு உறைப்புக் குறைத்து வேறாகக் கட்டியிருக்கிறாள். ஒருநாளும் எது நடந்தாலும் இதைக் கொம்மாவுக்குச் சொல்லாதே. தோட்டா கட்டினவன் நான், திட்டுகிறதென்றால் என்னைத் திட்டு.

பிரியந்தன் கீழே ஹோர்ன் அடிக்கிறான்.

மகன், இதை வாசித்த பிறகு நீ எனக்குப் போன் எடுக்கவேண்டும் என்று இல்லை. வீட்டுக்கு வரவேண்டும் என்றும் இல்லை. இனி என் கைத் தோட்டா வேண்டாம் என்றால் அதுவும் சரி. என்னோடு கோபமாய் இரு. நான் செத்த வீட்டுக்கும் வராமல் இருக்கிற அளவுக்குக் கோபமாய் இரு. நீ என் மேலே கோபமாய் இருக்கிறாய் என்று பிரியந்தன் திரும்பி வந்து சொன்னால், அந்த ஒரு சொல்லுக்கு நான் முழங்காலில் நின்று நன்றி சொல்லுவேன்.

மாதா உன்னையும் லெஸ்லியையும் தன் சீலைத் தலைப்புக்குள் வைத்துக் காப்பாற்றட்டும்.

பெட்டியைக் கொடுத்துவிடு ராசா.

உன் அப்பா,
அமிர்தநாதர்